குளிர்ச்சி முந்தி, கூர்மை பிந்தி

மட்டக்களப்புக்குப் போகிறவனை அவ்வூரார் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்திலே பாட்டன் காலந்தொட்டு ஒரு பேச்சு வழங்கிவருகின்றது. வியாபாரத்திற்கோ உத்தியோகத்திற்கோ வந்தவன், வாவிக்கரை வீடொன்றிலே பன் என்னும் புல்லால் இழைத்த பாயில் அமர்ந்து உண்டு, அங்கேயே பெண்கொண்டு, பிறகு தன் ஊர்ப்பக்கம் திரும்பிப் பாராதிருந்துவிட்டானாகில், அதற்கு மட்டக்களப்பாரின் மந்திரமே காரணமென்று சொல்லி உறவினர் தம்மைத் தேற்றிக்கொண்டனர். அந்தப் பேச்சின் உண்மைபொய்யை ஆராய்வது என் நோக்கமன்று. ஆயினும், ஓரிடத்திலும் நிலைகொள்ளாத சித்தத்தை ஓரிடத்திலே அமர்த்துவதற்கு இவ்வாவிக்கரை மக்கள் தலைமுறை தலைமுறையாக என்னென்ன செய்துவந்தார்கள் என்று எண்ணும்போதெல்லாம், அந்தப் பாயே என் நினைவில் முதலில் விரிகின்றது.

நிலைகொள்ளாமை என்பதும் ஒரே தன்மையதன்று. கையிலெடுத்த காரியம் முடியுமுன்னே மனம் வேறொன்றின்மேல் தாவி, அது முடியுமுன்னே மூன்றாவதொன்றின்மேல் தாவி, நாள் முழுதும் ஓடியும் ஒன்றும் முடியாத களைப்போடு மாலையில் வந்து நிற்பது ஒரு வகை. இதனை இக்கால வைத்தியர் கவனக்குறைபாடு என்பர். சில வாரங்கள் உறக்கமே வேண்டாதபடி உற்சாகம் கரைபுரண்டு, பேச்சும் செலவும் திட்டங்களும் பெருகி, பின்பு மாதக்கணக்கில் எழுந்து முகங்கழுவவும் மனம் வாராத சோர்விலே ஆழ்வது இன்னொரு வகை. இது இருதுருவ மனநோய். இவ்விரண்டும் ஒருவரிடத்திலேயே கூடிவருவது அரிதன்று; பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்தவர்கள், இருதுருவ நோயுள்ள வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குக் கவனக்குறைபாடும் இருப்பதாகக் கண்டிருக்கின்றனர். கவனக்குறைபாட்டுக்கென்று பெயர்பெற்றது ஊக்கி மருந்து. அதுவோ இருதுருவ நோய்க்கு எரிகிற நெருப்பில் வார்த்த எண்ணெயாகலாம். ஆகவே ஊக்கியை விட்டு வேறு வழி உண்டா என்று தேடி அலையும் குடும்பங்கள் பல. என் பெரியம்மாவின் மகன் அவ்விரண்டு நோயும் ஒருங்கே வாய்த்தவர். படுவான்கரைக் கிராமமொன்றிலே அவருக்காக அக்குடும்பம் நடந்த வழிகளை அருகிருந்து கண்டவன் என்ற உரிமையோடு, அத்தேட்டத்தின் பழைய சரித்திரத்தை இங்கே சொல்ல முற்படுகின்றேன்.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். பித்து, பித்தன் என்னும் சொற்களைப் பித்தம் என்னும் நாடியோடு சேர்த்தே நம் முன்னோர் எண்ணினர். ஒருவன் நிலைதடுமாறினால் பித்தம் தலைக்கேறிவிட்டது என்று இன்றும் சொல்கின்றோம். வடமொழியில் இதற்கு உன்மாதம் என்று பெயர். மேலெழுந்த மதம் என்பது அதன் பொருள். சரக சம்ஹிதை உன்மாதத்தை ஐந்தாக வகுக்கின்றது: வாதத்தால் வருவது, பித்தத்தால் வருவது, கபத்தால் வருவது, மூன்றும் கூடிய சந்நிபாதத்தால் வருவது, புறத்திலிருந்து வந்து பற்றுவது. வாத உன்மாதத்தில் நோயாளி காரணமின்றிச் சிரிப்பான், பாடுவான், ஆடுவான் என்றும், பித்த உன்மாதத்தில் சினம் மிகுந்து, நிழலையும் குளிர்ந்த அன்னத்தையும் குளிர்ந்த நீரையும் நாடுவான் என்றும் அந்நூல் இலட்சணம் கூறுகின்றது. வெப்பம் கொண்ட சித்தம் தானே குளிர்ச்சியைத் தேடுகின்றது என்ற இந்த அவதானம் நுட்பமானது. இதனை நூலிலே படித்தறியாத மட்டக்களப்புப் பெண்களும், சூட்டுச் சாமான் எது, குளிர்ச் சாமான் எது என்று அடுக்களையிலே பிரித்து வைத்திருந்தார்கள். தலைச்சூடு கண்ட பிள்ளைக்கு நல்லெண்ணெய் வைத்து, தேசிக்காய் தேய்த்து முழுகவார்த்து, மோரும் இளநீரும் கொடுத்து, காரத்தையும் கருவாட்டையும் விலக்குவதற்கு அவர்களுக்கு வைத்தியர் ஒருவரும் வேண்டியிருக்கவில்லை.

இந்த வெப்பம், குளிர்ச்சி என்ற எண்ணம் இவ்வாவிப் பிரதேசத்திலே ஒரு பெருஞ் சடங்காக வளர்ந்து நிலைத்தது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்திற்குக் கடலுக்குச் சமாந்தரமாகக் கிடக்கும் மட்டக்களப்பு வாவி நிலத்தை இரண்டாக வகுக்கின்றது: சூரியன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை, அது சாயும் வயற்பக்கம் படுவான்கரை. இவ்விரு கரைகளிலும் கண்ணகை அம்மன் கோயில்கள் நிரம்ப உள. மதுரையை எரித்த சினம் ஆறாமல் வந்த கண்ணகியை ஆயர்குலப் பெண்கள் குளிர்வித்தார்கள் என்பது இங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லிவரும் ஐதிகம். அதனையொட்டி, வைகாசி மாதத்திலே, ஆண்டு முழுதும் பூட்டிக்கிடந்த கோயிற் கதவைத் திறந்து, சில நாட்கள் வழக்குரை காவியத்தைப் பாடி, இறுதியிலே அம்மனைக் குளிரச்செய்யும் சடங்கைத் திருக்குளிர்ச்சி என்பர். 1964இல் வெளிவந்த ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலிலே பண்டிதர் வி. சீ. கந்தையா இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்து வைத்தமையால், நம் காலத்தவரும் அவற்றைக் கிரமமாக அறிய முடிகின்றது.

சிறுவனாக நான் கண்ட ஒரு குளிர்ச்சியைச் சொல்கிறேன். வெள்ளை கட்டிய பந்தலின் கீழ் மடை பரப்பியிருந்தது. கமுகம்பாளை விரிந்து நெல்மணி சிந்தியதுபோல் பூச் சொரிந்திருந்தது. கும்பங்களின் கழுத்துவரை வேப்பிலை. அதுவரையில் பறையும் உடுக்கும் சிலம்பும் பெண்களின் குரவையுமாக அந்த மணல்வெளி அதிர்ந்துகொண்டிருந்தது. தெய்வம் ஏறி ஆடியவர்கள் வியர்வை வழிய நின்றார்கள். பிறகு ஒவ்வொன்றாக ஓசைகள் ஓய்ந்தன. பூசை செய்யும் கட்டாடியார் ஒரு கொத்து வேப்பிலையைக் கையிலெடுத்து, பானையிலிருந்த மஞ்சள் நீரிலே தோய்த்தார். குளிர்ச்சிப் பாட்டு தாழ்ந்த குரலிலே தொடங்கிற்று. ஒவ்வொரு பாட்டும் முடியும்போது அந்த வேப்பிலை எழுந்து தாழ்ந்தது. நீர்த்துளிகள் எங்கள் நெற்றியிலே விழுந்தன. பாட்டுக்கள் பல, ஒன்றும் விரைவாகப் பாடப்படவில்லை. அதுவரை என் பாட்டியின் கையைப் பிய்த்துக்கொண்டு ஓட முயன்ற நான், எப்போது மணலில் உட்கார்ந்தேன் என்பதை அறியேன். பாட்டி அந்த நீரில் ஒரு போத்தலை நிரப்பி முந்தானையால் மூடிக்கொண்டாள். வீட்டிலே என் பெரியம்மாவின் மகன் மூன்று இரவாக உறங்காமல் இருந்தார். அந்த நீர் அவருக்காக.

அந்த நீர் நோயை மாற்றிற்று என்று நான் சொல்லவில்லை. அந்தச் சடங்கிலே பொதிந்திருந்த ஒரு கிரமத்தையே சுட்டிக்காட்ட விரும்புகின்றேன். எரிகின்ற தெய்வத்திடம் எவரும் வரம் கேட்பதில்லை. முதலிலே குளிர்வித்த பின்னரே, வாக்குக் கேட்பதும் நேர்த்திக்கடன் சொல்வதும் பிணி நீங்க வேண்டுவதும் நடைபெறும். வெப்பத்தைத் தணித்தல் முன். வேண்டியதைப் பெறுதல் பின். இந்த முன்பின் முறையை மனத்திலிருத்திக்கொண்டால், பின்னால் வரும் வைத்திய சரித்திரமெல்லாம் விளங்கும்.

கோயிலுக்கு வெளியே இக்கிரமத்தைக் கைக்கொண்டவர் ஊர்ப் பரிசாரி. யாழ்ப்பாணத்தார் பரியாரி என்பவரையே இங்கே பரிசாரி என்பர். அவர் நாடி பார்த்து, எண்ணெயும் கஷாயமும் கொடுத்து, அதற்கு மேலாகப் பத்தியம் சொல்லுவார். பத்தியம் என்பது உணவு மாத்திரமன்று, உறங்கும் நேரம், முழுகும் நாள், போகத்தகாத இடம், பேசத்தகாத ஆள் என்பவற்றையும் அடக்கியது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் உள்ள முஸ்லிம் குடும்பங்கள் ஓதிப்பார்ப்பவரிடம் தண்ணீர் ஓதுவித்தும் தாவீசு கட்டியும் பிள்ளைகளை அமைதிப்படுத்தினர். தமிழர் அவர்களிடமும், அவர்கள் தமிழ்ப் பரிசாரியிடமும் போய்வந்த காலம் அது. நோயாளியைத் தனியே விடாமை இவ்வழிகள் அனைத்துக்கும் பொதுவான அம்சம். ஒரு மாமனோ மச்சானோ இரவிலே கூடப் படுப்பார். வயலுக்குப் போனால் வரம்பிலே கூட நடப்பார்.

ஆயினும் பழையனவெல்லாம் நல்லன என்று போற்றுவது சத்தியத்துக்கு விரோதமாகும். பேய் பிடித்ததென்று பிரம்பாலடித்ததும், புகையூட்டியதும், சங்கிலியிட்டு விளாமரத்தில் கட்டியதும் இதே கரைகளில் நிகழ்ந்தவை. நோயாளியின் கதறலைப் பேயின் கதறலென்று கருதியவர்கள் கொடியவர்களல்லர், அவர்கள் அறியாதவர்கள். ஆனால் அடிபட்ட முதுகுக்கு அந்த வேற்றுமை தெரியாது. என் பெரியம்மாவின் மகனுடைய கணுக்காலிலே இருந்த தழும்பைக் கண்டவன் நான். ஆகையால் இதனைச் சொல்லாமல் மேலே செல்ல என்னால் இயலாது.

ஆங்கிலேயர் ஆட்சி இதற்கு மாற்றாகக் கொண்டுவந்தது மதில். கொழும்பிலே பொரளையில் 1847இல் ஒரு பைத்தியசாலை எழுந்தது; 1873இல் பைத்தியம் பற்றிய கட்டளைச்சட்டம் பிறந்து, ஒருவரைப் பைத்தியமென்று தீர்மானிக்கும் பொறுப்பை நீதிமன்றத்தின் கையிலே வைத்தது; 1884இல் கறுவாத்தோட்டத்திலே புதியதொரு சாலை திறக்கப்பட்டது; அதுவும் நிரம்பி வழியவே, 1926இல் அங்கொடை வைத்தியசாலை தோன்றிற்று. மட்டக்களப்புக்கு ரயில்பாதை வந்தது 1928இல். நெல்லும் மீனும் கொழும்புக்குப் போன அதே ரயிலிலேயே, வாவிக்கரையின் நோயாளிகளும் அங்கொடைக்கு அனுப்பப்பட்டார்கள். ‘அங்கொடைக்கு அனுப்பவேணும்’ என்பது வசையாகவும் பரிகாசமாகவும் தமிழர் வாயிலே ஏறிற்று. மொழி தெரியாத ஊரிலே, மீன்குழம்பின் மணமும் குரவையின் ஓசையும் இல்லாத நெடிய விடுதியிலே, பெருவயற்காரரான ஒரு போடியாரின் மகனும் ஒரு வலைகாரனின் மகளும் தம் பேரையே மறந்து ஆண்டுகளைக் கழித்தார்கள். சங்கிலி போய்ச் சுவர் வந்தது. கூடப் படுக்கும் மாமன்தான் இல்லாமற்போனார்.

இத்தருணத்திலேதான் உலகத்தின் பிற மூலைகளிலே மருந்துகளின் சரித்திரம் வேகங்கொண்டது. அந்தச் சரித்திரத்தின் தொடக்கத்திலே நிற்பது நம் நாட்டுக் காடுகளின் மூலிகையொன்று. சர்ப்பகந்தி என்னும் அவ்வேரைப் பித்துக்கும் உறக்கமின்மைக்கும் பரம்பரை வைத்தியர்கள் பயன்படுத்தி வந்தனர். 1931இல் கல்கத்தாவிலே கணநாத் சென், கார்த்திக் போஸ் என்னும் இருவர், பைத்தியத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உகந்த ஔஷதமாக அதனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினர். 1949இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் ஆங்கில மருத்துவ ஏட்டொன்றிலே அதனை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். 1952இல் சுவிற்சர்லாந்தின் பேசல் நகரத்திலுள்ள சீபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். கொந்தளித்த மனங்கள் அதனால் அடங்கின. ஆனால் சிலர் அடங்கியதற்கும் அப்பாற் போய், எழமுடியாத சோகத்திலே ஆழ்ந்தனர். மூளையிலுள்ள டோபமைன், நோர்அட்ரினலின் முதலிய இரசாயனங்களின் சேமிப்பையே அது வற்றச்செய்தது என்பது பின்னரே விளங்கிற்று.

இதிலே வியக்கத்தக்க ஒரு பொருத்தம் உண்டு. அதே பேசல் நகரத்து அதே சீபா நிறுவனத்திலே, 1944இல், லியாண்ட்ரோ பனிசோன் என்ற இரசாயனர் மெதில்பெனிடேற் என்னும் பொருளை ஆக்கியிருந்தார். ரீற்றா என்னும் தம் மனைவியின் பேரால் அதற்கு ரிற்றலின் என்று பெயரிட்டார். 1954இல் அது விற்பனைக்கு வந்தது. இதற்கு முன்பே, 1937இல், அமெரிக்காவின் றோட் ஐலண்டிலே சார்ள்ஸ் பிராட்லி என்னும் வைத்தியர் முப்பது பிள்ளைகளுக்குப் பென்சிட்ரின் கொடுத்து, அவர்களில் பதினால்வர் பாடசாலைக் காரியங்களிலே வியக்கத்தக்க முன்னேற்றம் காட்டியதாக எழுதியிருந்தார். ஊக்கிகள் டோபமைனையும் நோர்அட்ரினலினையும் நரம்பணுக்களின் இடைவெளியிலே மிகுவிக்கின்றன. சிதறிய கவனம் அதனாற் குவிகின்றது. ஆக, ஒரே கூரையின் கீழே, ஒரே பத்தாண்டிலே, தணிக்கும் மருந்தும் எழுப்பும் மருந்தும் உலகத்துக்கு வந்து சேர்ந்தன. ஒன்று அவ்விரசாயனங்களின் சேமிப்பை வற்றச்செய்தது, மற்றொன்று நரம்பணுக்களின் இடைவெளியிலே அவற்றை மிகச்செய்தது. மட்டக்களப்புப் பெண்கள் அடுக்களையிலே குளிர் என்றும் சூடு என்றும் பிரித்து வைத்ததைப் போன்றதொரு பிரிவு, சீபாவின் மருந்துப் பெட்டியிலும் அமைந்துவிட்டது.

ஆனால் இருதுருவ நோய்க்கு உண்மையான நங்கூரமாக வந்தது இவ்விரண்டுமல்ல. யப்பானியரின் சாங்கி சிறைமுகாமிலே மூன்றரை ஆண்டு கிடந்து மீண்ட ஜோன் கேட் என்னும் அவுஸ்திரேலிய வைத்தியர், மெல்பேர்ணிலே உற்சாகம் கரைபுரளும் உன்மத்தத்திலிருந்த நோயாளிகள் பத்துப் பேருக்கு லிதியம் உப்பைக் கொடுத்துக் கண்ட பலனை 1949இல் வெளியிட்டார். அது நோயாளியை மயக்கவில்லை. ஏறியதை இறக்கி, நாளடைவில் மீண்டும் ஏறாமலும் ஆழாமலும் காத்தது. ஆயினும் நன்மைக்கும் நஞ்சுக்கும் இடையேயுள்ள இடைவெளி அதிலே மிக ஒடுங்கியது. கேட்டின் முதல் நோயாளியே பிற்பாடு அந்நஞ்சினால் இறந்தார். அதனால் லிதியம் உண்பவர் இரத்தத்திலே அதன் அளவை இடையிடையே பார்த்துக்கொள்ள வேண்டும். நீரும் உப்பும் உடலிலே குறைந்தால் அதன் செறிவு உயரும். சித்திரை வைகாசியின் வெயிலிலே வயலில் வியர்ப்பவரும், கந்தசஷ்டி விரதமோ றமழான் நோன்போ இருப்பவரும் வைத்தியரிடம் சொல்லாமல் நீர் அருந்தாதிருத்தல் ஆபத்து. இதனை நம் கரையில் ஒவ்வொரு வீடும் அறிந்திருக்க வேண்டும்.

இரு நோயும் கூடியவர் ஊக்கியை உண்ணலாமா என்ற கேள்விக்கு வைத்திய உலகம் நெடுங்காலம் அச்சத்தையே பதிலாகக் கொடுத்தது. 2017இல் வெளிவந்த சுவீடன் தேசத்து ஆய்வொன்று அந்த அச்சத்தை அளந்து காட்டிற்று. மெதில்பெனிடேற் தொடங்கிய இருதுருவ நோயாளர் 2307 பேரின் பதிவுகளை அந்நாட்டு ஆய்வாளர் ஆராய்ந்தனர். மனநிலையை நிலைப்படுத்தும் மருந்தில்லாமல் ஊக்கியை மாத்திரம் உண்டவர்களுக்கு, முதல் மூன்று மாதங்களுக்குள் உன்மத்தம் எழும் அபாயம் ஏறத்தாழ ஏழு மடங்கு ஆயிற்று. நிலைப்படுத்தும் மருந்தோடு சேர்த்து உண்டவர்களிடம் அவ்வாறு உயரவில்லை. அதாவது, முதலிலே குளிர்ச்சி, பின்பே கூர்மை. இதனைப் படித்த இரவிலே, எழுந்து தாழ்ந்த அந்த வேப்பிலைக் கொத்து என் கண்முன் வந்து நின்றது. கட்டாடியார் அறிந்திருந்தது மருந்தைப் பற்றியன்று; ஆனால் எரிகின்றதன்மேல் எதனையும் ஏற்றலாகாது என்ற முறையை அவர் அறிந்திருந்தார்.

குளிர்ச்சி நிலைத்த பின்பும் கவனம் சிதறுமானால் ஊக்கியொன்றே வழியா? அன்று. முதலிலே, சிதறுவது கவனக்குறைபாட்டினாலா, அடங்காத உன்மத்தத்தின் மிச்சத்தினாலா, சோர்வினாலா, உறக்கக் குறைவினாலா, உண்ணும் மருந்தின் மந்தத்தினாலா என்று பிரித்தறிய வேண்டும். பல வேளைகளிலே மனநிலை சீரானதும் கவனமும் பாதி சீராகிவிடுகின்றது. அதன் பின்னும் வேண்டுமாயின் ஊக்கியல்லாத மருந்துகள் உள. 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அட்டொமொக்சற்றின் அவற்றுள் ஒன்று. ஆயினும் அதுவும் சிலரிடம் உன்மத்தத்தை எழுப்பியதுண்டு. குளொனிடின், குவான்பசின் என்னும் இரண்டும் ஆதியிலே இரத்த அழுத்தத்துக்கென்று வந்தவை; பின்னரே பிள்ளைகளின் கவனத்துக்குப் பயன்பட்டன. பைத்தியத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஒரே வேரை 1931இல் பரிந்துரைத்தவர்கள் இதனைக் கேட்டால் புன்னகை செய்திருப்பர். இவற்றை இரு நோயும் உள்ளோரிடம் சோதித்த ஆய்வுகள் சிலவே. ஆகையால் எதனையும் வைத்தியரின் கண்காணிப்பிலே, சிறிதாகத் தொடங்கி, மெல்ல உயர்த்துதலே முறை. உண்டுவரும் குளிசையைத் தானாக நிறுத்துதல் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து.

மருந்தல்லாத வழிகளுக்கும் இப்போது சாஸ்திர மதிப்பு உண்டு. பிற்ஸ்பேர்க் நகரத்தின் எலன் பிராங்க் என்பாரும் அவர் குழுவினரும், எழும் நேரம், உண்ணும் நேரம், முதலிலே ஒரு மனிதரோடு பேசும் நேரம், உறங்கும் நேரம் ஆகியவற்றை நாடோறும் ஒரே ஒழுங்கிலே வைக்கப் பழக்கும் சிகிச்சையை ஆய்ந்து 2005இல் வெளியிட்டனர். நோய் தீவிரமாயிருந்த வேளையிலேயே அவ்வொழுங்கைப் பெற்றவர்களுக்கு அடுத்த நோய்க்காலம் தாமதித்தே வந்தது. கவனக்குறைபாட்டுக்கும், பெரிய காரியத்தைச் சிறு சிறு கூறாக்குதல், எழுதிவைத்தல், அருகிலே ஒருவர் தம் வேலையைச் செய்துகொண்டிருத்தல் போன்ற பழக்கங்கள் துணைசெய்கின்றன. பரிசாரியின் பத்தியத்திலே உறங்கும் நேரம் முதலிடம் பெற்றிருந்ததையும், கூடப் படுத்த மாமனையும் இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை.

இத்தகைய அறிவு நம் கரைக்கு வந்து சேர்ந்த காலமோ பொல்லாத காலம். 1990இல் மீண்டும் மூண்ட யுத்தத்திலே இரு கரைகளும் இரத்தத்தில் நனைந்தன. தமிழ்க் கிராமங்களிலும் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் விழுந்த பிரேதங்களை எண்ணினால் இன்றும் உள்ளம் நடுங்கும். காணாமற்போன மகன் உயிரோடிருக்கிறானா என்று தாய்மார் அம்மன் கோயில்களிலே தெய்வம் ஏறியவர்களிடம் வாக்குக் கேட்டு நின்றதை, அக்காலத்தில் இங்கே தங்கியிருந்த பட்றீசியா லோறன்ஸ் என்னும் மானிடவியலாளர் எழுதி வைத்திருக்கின்றார். வெளியிலே சொல்லமுடியாத துயரத்தைச் சொல்ல அக்கோயில்களே இடங்கொடுத்தன. பாடசாலைகளிலோ, கரும்பலகையைப் பாராமல் வாசலையே பார்த்திருக்கும் பிள்ளைகள் பெருகினார்கள். அவர்களுடைய கவனம் குறைந்திருக்கவில்லை. துப்பாக்கி வரும் திசையிலே முழுதும் குவிந்திருந்தது. கவனக்குறைபாடென்று ஒரு பிள்ளைக்குப் பெயரிடுமுன் அப்பிள்ளை எதைக் கவனிக்கின்றது என்று கேட்க வேண்டும் என்ற பாடத்தை மட்டக்களப்பு அவ்வாண்டுகளிலே கற்றது.

அந்தப் பாடத்திலிருந்து 1996இல் ஒரு பூங்கா பிறந்தது. கனடாவின் ஓவியர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் மட்டக்களப்பிலே அமைத்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குத் தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் வண்டியேறி வந்தார்கள். களிமண்ணைப் பிசைந்தார்கள், வர்ணந்தீட்டினார்கள், கதை புனைந்தார்கள், மரத்தடியிலே விளையாடினார்கள். மருந்தொன்றும் அங்கே கொடுக்கப்படவில்லை. அச்சமற்ற ஓரிடமும், அவசரமற்ற நேரமும், அருகிலே ஒரு பெரியவரின் துணையும் கொடுக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டளவில் மனநல வைத்திய நிபுணராக இங்கே வந்த மகேசன் கணேசன், நோயாளரை அங்கொடைக்கு அனுப்பும் பழக்கத்தை மாற்றி, அவரவர் ஊரிலேயே பராமரிக்கும் சேவையை வளர்த்தார். 2004 மார்கழியில் வந்த ஆழிப்பேரலைக்குப் பின், 2005இல் இலங்கை ஏற்றுக்கொண்ட மனநலக் கொள்கையும் அவ்வழியையே நாடு முழுவதற்கும் வகுத்தது. என் பெரியம்மாவின் மகனுக்கு லிதியம் கிடைத்தது அங்கொடையிலன்று. வாவியைக் கடந்து ஒரு காலைப்பொழுதிலே போய்வரக்கூடிய கிளினிக்கிலே.

வல்லாரையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பரீட்சைக் காலத்திலே வல்லாரைச் சம்பல் இல்லாத வீடு இங்கே அரிது. ஞாபகத்துக்கும் புத்திக்கும் அது நல்லதென்று இலைக்கஞ்சியிலும் சேர்ப்பர். கீரையாக அதனை உண்பதிலே குற்றமில்லை. ஆனால் லிதியத்தின் இடத்திலே வல்லாரையை வைத்தவர்களையும், மூலிகைதானே என்று பெயர் தெரியாத சூரணங்களைக் குளிசையோடு கலந்து உண்டவர்களையும் நான் அறிவேன். சர்ப்பகந்தியின் கதையை மறவாதவர்கள், மூலிகை என்ற காரணத்தால் மாத்திரம் ஒன்று சாதுவாகிவிடாது என்பதையும் மறக்கமாட்டார்கள். பழைய மருந்தைவிடப் பழைய முறையே நமக்குக் கிடைத்த பெரிய முதுசம்.

லிதியம் தொடங்கி ஓராண்டு கழிந்த பின்பும் பெரியம்மாவின் மகனுக்குக் கவனம் கூடிவரவில்லை. கிழிந்த வலையை மடியிலே வைத்துக்கொண்டு இரண்டு கண் கட்டுமுன் எழுந்து கிணற்றடிக்குப் போவார். அங்கிருந்து வேலிக்குப் போவார். வலை அவிழ்ந்தபடியே கிடக்கும். ஊக்கி வேண்டாமென்று வைத்தியர் அப்போதைக்குத் தீர்மானித்திருந்தார். பெரியம்மா அதற்கு ஒரு வழி கண்டார். மாலையிலே திண்ணையில் பன்னைப் பரப்பிப் பாய் இழைக்க உட்காரும்போது, அவரையும் அருகிலே உட்காரவைத்து, “இந்தச் சாண் முடியுமட்டும் இரு மனே, புறகு எழும்பலாம்” என்பார். ஒரு சாண் பாய் முடிவதற்குள் எட்டுக் கண், பத்துக் கண் கட்டப்பட்டிருக்கும். அவர் எழுந்து உலாவிவிட்டு வருவார். மறுபடியும் ஒரு சாண். விளக்கேற்றும் நேரத்திலே இருவரும் நிறுத்திவிடுவார்கள். உணவு, குளிசை, உறக்கம் என்ற வரிசை ஒருநாளும் பிசகவில்லை. இப்படியாக ஒரு மாரிக்காலம் கழிந்து, வலை முழுதும் ஒரு நாள் முற்றத்திலே விரிக்கப்பட்டபோது, அதிலே ஒரு பொத்தலும் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த உறவினரொருவர், ஒரு மணி நேரமாக அசையாமல் வேலைசெய்த அவரைக் கண்டு, பாயோடு ஒட்டவைத்துவிட்டீர்களே என்று அதிசயித்தார். பெரியம்மா பன்னிலிருந்து கண்ணை எடுக்காமலே, தாம் இழைத்துக்கொண்டிருந்த பாயின் ஓரத்தைக் கையால் தடவி, அடுத்த சாணைத் தொடங்கினார்.